மாயமற்ற விசுவாசம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் வாசகர் பகுதியில் வந்திருந்த ஒரு கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். ஆராதனையில் தங்கள் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல எழுந்து நிற்பவர்கள் தங்கள் சந்தேகத்தையும் சோர்வையும் சபை நடுவே பேசக்கூடாது, அது பலவீனமானவர்களின் விசுவாசத்தைக் கெடுத்துவிடும், ஜெயித்ததைச் சொன்னால் போதும் என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் சொல்லும் வழியில் நான் ஒருமுறை போய்ப் பார்த்தவன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

என் அக்கா இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சபையில் ஒரு மூத்தவர் என்னிடம் வந்து, "நீங்கள் நாலு வார்த்தை சாட்சி சொன்னால் எல்லாருக்கும் ஆறுதலாக இருக்கும்" என்றார். நான் போய் நின்றேன். கர்த்தர் நல்லவர், அவர் சித்தம் பூரணமானது, எனக்குள் தேவ சமாதானம் இருக்கிறது என்றேன். அந்த மூன்று வாக்கியத்தில் மூன்றாவது பொய். முதல் இரண்டும் பொய் அல்ல, ஆனால் அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தபோது அவை என்னுடையவையும் அல்ல. பலர் அழுதார்கள். முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு பெரிய விசுவாசம் என்றார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன், முழங்காலில் நின்றேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. அப்படியே நான்கு மாதம் போனது. ஏன் வரவில்லை என்று பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது, எனக்குச் சமாதானம் இருக்கிறது என்று ஊரறியச் சொல்லிவிட்ட பிறகு, தனியாக இருக்கும்போது அவரிடம் போய் "ஏன் இப்படிச் செய்தீர்?" என்று கேட்க எனக்கு வாய் இல்லாமல் போய்விட்டது. சபைக்குச் சொன்ன பொய்யை அவரிடமும் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது.

நம் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 'மாயக்காரரே' என்று ஒரு சொல் வரும். பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'வெளிவேடக்காரரே' என்று இருக்கும். மூலத்தில் அது ஹுப்போக்ரிட்டேஸ் என்ற கிரேக்கச் சொல். கிரேக்கர்களிடையே அதற்கு மேடை நடிகன் என்று பொருள், முகமூடி போட்டுக்கொண்டு நாடகத்தில் வேறொருவனாகப் பேசுகிறவன். இயேசு கோபமாகப் பேசிய இடங்களைத் தேடிப் பாருங்கள், வரி வசூலித்தவர்களிடமோ விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடமோ அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. தர்மம், ஜெபம், உபவாசம் என்று நல்ல காரியங்களை, மனுஷர் காண வேண்டும் என்பதற்காகச் செய்தவர்களிடம்தான் சொன்னார். அப்படியானால் பிழை அவர்கள் செய்த ஜெபத்தில் இல்லை, அது யாரைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பதில் இருந்தது. நான் சாட்சி சொன்னபோது யாரைப் பார்த்துச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

சரி, நடிக்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்களா என்றால் அதுவும் இல்லை. கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது, நம் பிரசங்கங்களில் இதை அதிகம் கேட்டதில்லை. அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் தரப்பில் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து மெல்ல விலகிக்கொண்டார். பார்த்தவர்களும் விலகினார்கள், 'அவர்களுடைய மாயத்தினாலே பர்னபாவும் இழுப்புண்டான்' என்று பவுல் எழுதுகிறார், எழுதுவதோடு விடாமல் எல்லார் முன்னாலும் பேதுருவைக் கடிந்தும்கொண்டார். இதில் கவனிக்க வேண்டியது, புறஜாதியாரோடு உட்காருவதில் தவறில்லை என்று பேதுரு உள்ளூர நம்பினார், அது தரிசனத்தில் அவருக்கே காட்டப்பட்டது. அவர் நம்பியதில் கோளாறு எதுவும் இல்லை. பயம் வந்தது, நம்பாததை நம்புகிறவர்போல் நடந்துகொண்டார், அவ்வளவுதான். அதற்குத்தான் பவுல் 'மாயம்' என்ற அந்த நாடகச் சொல்லையே போட்டார். நல்லவர்களும் பயத்தால்தான் வேஷம் போடுகிறார்கள். அப்புறம் அது ஒட்டிக்கொள்கிறது, பக்கத்தில் இருக்கும் பர்னபாவையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த ஞாயிறன்று என் சாட்சியைக் கேட்டு, துக்கத்தில் இருந்த வேறு எத்தனை பேர் தாங்களும் அப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்திருப்பார்களோ என்று இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

பலவீனத்தைச் சொன்னால் விசுவாசம் கெடும் என்கிறார் வாசகர். அப்படியென்றால் சங்கீதப் புத்தகத்தை என்ன செய்வது? 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அது கடைசியில் துதியில் முடிந்துவிடுகிறது, ஆகையால் அதைச் சபையில் வாசிக்க நமக்குச் சங்கடம் இல்லை. 88-ஆம் சங்கீதம் அப்படி முடியவில்லை. ஏமான் என்பவருடைய சங்கீதம் அது. இரவும் பகலும் கூப்பிட்டேன், ஏன் உம்முடைய முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய், எபிரேய மூலத்தில் 'இருள்' என்ற சொல்லோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஆறுதல் இல்லை, விடியவும் இல்லை. அதைத் தொகுத்தவர்கள் ஒரு நல்ல வரியைச் சேர்த்து முடித்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை? தேவனுடைய ஜனம் கூடிப் பாடும் புத்தகத்தில் இப்படி ஒரு பாட்டுக்கும் இடம் உண்டு என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். நாம்தான் அந்த இடத்தை அடைத்து வைத்திருக்கிறோம்.

பிள்ளைகளையும் உடைமையையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் சிநேகிதர்களைப் பாருங்கள். ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள்தான். வாயைத் திறந்த பிறகு தேவனுக்கு வக்கீல்களாகிவிட்டார்கள். அவர்கள் பேசியதைத் தனித்தனி வசனமாக எடுத்தால் நாட்காட்டியில் அச்சடிக்கலாம், அவ்வளவு சரியாக இருக்கும். யோபுவோ பிறந்த நாளைச் சபித்தார், தேவனை நேருக்கு நேர் நியாயம் கேட்டார். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அந்தச் சிநேகிதர்களில் ஒருவரான எலிப்பாசைப் பார்த்து, 'என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை' என்கிறார். எனக்கு இந்த வசனம் விளங்கப் பல வருடம் ஆனது. யோபு சொன்னதெல்லாம் சரி என்று கர்த்தர் சொல்லவில்லை என்பது அதற்கு முந்தைய நான்கு அதிகாரங்களை வாசித்தாலே தெரியும். ஆனாலும் யோபு தேவனிடமே பேசினார், மற்றவர்கள் தேவனைப் பற்றி மட்டும் பேசினார்கள். கோபத்தோடு பேசுகிறவன் எதிரில் ஒருவர் இருக்கிறார் என்று நம்பித்தானே பேசுகிறான்? அதையே விசுவாசம் என்று நான் நினைக்கிறேன்.

நம் சாட்சிகளில் இன்னொரு பழக்கம் உண்டு, எல்லாம் இறந்தகாலத்தில் இருக்கும். முன்பு குடித்தேன், முன்பு கோபக்காரனாக இருந்தேன், முன்பு சந்தேகப்பட்டேன், இப்போது இல்லை. பாவம் எப்போதும் முன்பு நடந்ததாகவே இருக்கும். அகுஸ்தீன் தன் 'அறிக்கைகள்' நூலை எழுதியபோது வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராகிவிட்டிருந்தார், நான்காம் நூற்றாண்டின் கடைசி வருடங்கள் அவை. அந்த நூலில் எல்லாரும் சொல்வது அவருடைய இளவயதுக் கதைகளை, பேரிக்காய் திருடியதை. அதன் 10-ஆம் பகுதியில் அவர் செய்திருப்பது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஆயராக இருக்கும்போதே, இன்றைக்கும் என்னை எது இழுக்கிறது, சாப்பாட்டில் எங்கே தடுமாறுகிறேன், ஆலயத்தில் பாட்டுக் கேட்கும்போது வார்த்தையை விட்டுவிட்டு ராகத்தில் மயங்கிவிடுகிறேன், பிறர் புகழ்வது எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று நிகழ்காலத்தில் எழுதினார். தன் ஆடுகள் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதினார். அதைப் படித்து விசுவாசம் கெட்டவர்களைவிட, அதனால் விசுவாசத்துக்குள் வந்தவர்களே இந்த 1,600 வருடங்களில் அதிகம் என்று தைரியமாகச் சொல்வேன்.

இந்த இடத்தில் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வாசகரின் கவலையில் ஒரு பாதி நியாயமானது. மனதில் இருப்பதையெல்லாம் எல்லாரிடமும் கொட்டுவதுதான் உண்மை என்று ஒரு எண்ணம் இப்போது பரவிவருகிறது. அழுகிற முகத்தைப் படம் பிடித்து எல்லாரும் பார்க்கப் போடுவது, என் உடைந்த நிலையைப் பாருங்கள் என்று காட்டுவது, அதுவும் ஒரு நாளில் வேஷமாகிவிடும். சிரிக்கிற முகமூடி போய் அழுகிற முகமூடி வரும். 'நான் இப்படித்தான், உள்ளதைச் சொல்கிறேன்' என்று கடுஞ்சொல் பேசிவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறோம், அவர்கள் உண்மையாக இருப்பதைச் சாக்காக வைத்து மனந்திரும்புவதைத் தள்ளிப்போடுகிறார்கள். 'பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்' என்று இயேசு சொன்ன உவமையில் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், தூரத்தில் நின்றான், தன் பாவத்தைப் பரிசேயன் காதில் விழும்படி விவரிக்கவில்லை. தான் யார் என்று அவனுக்குத் தெரியும், அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்றும் தெரியும்.

பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் பன்னிருவரையும் கூட்டி வைத்துச் சொல்லவில்லை. யூதாஸ் போய்விட்டிருந்தான், மற்றவர்களை ஓரிடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு மூன்று பேரை மட்டும் கூட்டிக்கொண்டு போய், 'என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது' என்றார். என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். தேவகுமாரன் மூன்று மனுஷரிடம் துணை கேட்டார் என்பதை நாம் வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம், எனக்கு அந்த வரியில் நிற்க வேண்டும்போல் இருக்கும். அவர்கள் தூங்கிப்போனார்கள். தூங்கிவிடுவார்கள் என்று தெரிந்தும் கேட்டாரே.

அன்னை தெரேசா 1997-இல் இறந்தார். அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. ஏறக்குறைய 50 வருடங்கள் அவர் ஜெபத்தில் தேவ பிரசன்னத்தை உணராமல், உள்ளுக்குள் இருளோடு நடந்திருக்கிறார். சிலர், அப்படியானால் அந்தச் சிரிப்பெல்லாம் நடிப்பா என்று கேட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தன் ஆவிக்குரிய வழிகாட்டிகளான சில குருக்களிடம் அவர் எதையும் மறைக்கவில்லை, வருடக்கணக்காக எழுதியிருக்கிறார், அந்தக் கடிதங்களை அழித்துவிடுங்கள் என்று கேட்டும் இருக்கிறார். உலகத்துக்குச் சொல்லாததால் அவர் பொய்யராகிவிடவில்லை. சிலரிடமாவது முழு உண்மையாக இருந்தார், உணர்வு இல்லாதபோதும் காலையில் எழுந்து ஜெபத்துக்குப் போனார், சாகக் கிடந்தவர்களைத் தூக்கினார். மேடையில் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கேயாவது ஒரு இடம் வேண்டும், ஒருவராவது வேண்டும். 'நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு' என்று யாக்கோபு எழுதியது அதற்குத்தான். மேடையில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கும் மேடையில் ஏறி இல்லாததைச் சொல்வதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது, நான் தவறியது இரண்டாவதில்.

தனி மனிதன் போடும் வேஷத்தைவிட, ஒரு சபையே சேர்ந்து போடும் வேஷம் ஆபத்தானது. 'சாட்சி கெட்டுவிடும்' என்ற அதே வாதத்தை வைத்துத்தான் பல நாடுகளில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை மறைத்தார்கள். பிரான்ஸில் கத்தோலிக்கத் திருச்சபையே அமைத்த தனி விசாரணைக் குழு 2021-இல் அறிக்கை தந்தது, 1950 முதல் குருக்களாலும் துறவிகளாலும் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் சுமார் 2,16,000 பேர் என்று அது மதிப்பிட்டது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர், இது வெளியே தெரிந்தால் விசுவாசிகள் இடறிப்போவார்கள் என்று நல்லெண்ணத்தோடு சொல்லியிருப்பார். இடறினது யார்? சபையின் நல்ல பெயருக்காக வாய் மூடப்பட்ட அந்தப் பிள்ளைகள். அதை வெளியே கொண்டுவர ஒரு குழு அமைத்த நாளில்தான் அந்தச் சபை தன் விசுவாசத்தை அறிக்கையிட்டது என்பேன். ஆதி சபையில் பொய் சொல்லி அந்த இடத்திலேயே விழுந்து இறந்த கணவன் மனைவி அனனியா, சப்பீராள் சம்பவம் எனக்கு எப்போதும் நடுக்கம் தருவது. நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டது குற்றமே இல்லை, விற்ற பின்பும் அது உன் வசத்தில் இருக்கவில்லையா என்று பேதுருவே சொல்கிறார். ஒரு பங்கை முழுசு என்று காட்டியதுதான் குற்றம். ஒரு பங்கு தருகிறோம் என்று சொல்லி அதைத் தந்திருந்தால் அவர்களும் அந்தச் சபையில் வயதாகி இருந்திருப்பார்கள்.

பவுல் தன் உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, உன் பாட்டி லோவிசாளிடத்திலும் உன் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் இருந்த விசுவாசம் என்று சொல்லி அதற்கு ஒரு அடைமொழி போடுகிறார். பெரிய விசுவாசம் என்றோ அசையாத விசுவாசம் என்றோ போடவில்லை, 'மாயமற்ற விசுவாசம்' என்கிறார். அதே நாடகச் சொல், முன்னால் ஒரு மறுப்பு. அந்த இரண்டு பெண்களும் வீட்டில் எப்படி இருந்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கும் வீட்டில் வேஷம் நிற்காது.

என் கதையை முடிக்கவில்லை. அந்த நான்கு மாதத்துக்குப் பிறகு எங்கள் சபையில் வயதான ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தார். "எப்படிப்பா இருக்க?" என்றார், கர்த்தர் கிருபையால் நன்றாக இருக்கிறேன் என்றேன். "அது சரி, நெசமா எப்படிப்பா இருக்க?" என்றார். நான் உடைந்துபோனேன். சொல்லக்கூடாது என்று நினைத்ததையெல்லாம் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, வசனமும் சொல்லவில்லை. தன் கணவர் இறந்த பிறகு இரண்டு வருடம் தான் ஆலயத்தில் பாடவே இல்லை என்றார். "முதல்ல உதட்டை மட்டும் அசைச்சேன். அப்புறம் யாரை ஏமாத்துறேன்னு தோணுச்சு. அசைக்கிறதையும் விட்டுட்டேன். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு நிப்பேன், எனக்கும் சேர்த்து மத்தவங்க பாடட்டும்னு." பிறகு என் வேதாகமத்தை வாங்கி 88-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்தார். முடித்ததும் ஆமென் சொல்லாமல் மூடி வைத்தார்.

அதற்கடுத்த ஞாயிறு நானும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். என்னைச் சுற்றி எல்லாரும் பாடினார்கள். எனக்கும் சேர்த்துத்தான் பாடுகிறார்கள் என்று முதல்முறையாகக் கேட்டேன். அன்று இரவு ஜெபித்தேன், நல்ல ஜெபம் ஒன்றும் இல்லை, 'எனக்கு உம்மேல் கோபம்' என்ற ஒரு வாக்கியம். ஆனால் அது அவரிடம் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரிந்தது. தீய ஆவி பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கதறினானே, இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னானே, முதலில் அவிசுவாசத்தை முடித்துவிட்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பையனைத்தான் சுகமாக்கினார்.

ஒரு வருடம் கழித்து மறுபடியும் சாட்சி சொல்லும் வாய்ப்பு வந்தது. முதல் சாட்சியில் நான் சொன்ன சமாதானம் அன்றைக்கு என்னிடம் இருக்கவில்லை, உங்களிடம் அப்படிச் சொன்னதற்கு மன்னியுங்கள் என்றேன். இன்னும் சில நாட்கள் கடினமாகத்தான் இருக்கின்றன என்றும் சொன்னேன். அந்த முறை யாரும் கையைப் பிடித்துப் பாராட்டவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவர்களுக்கு அது சங்கடமாக இருந்திருக்கும், அதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாசகர் அங்கே இருந்திருந்தால் அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

எல்லாரும் போன பிறகு வாசலில் ஒரு இளைஞர் நின்றுகொண்டிருந்தார். பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது, பின்வரிசையில் உட்காருபவர், ஆராதனை முடியும் முன்பே எழுந்து போய்விடுபவர். "அண்ணா, ஜெபம் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு. இதோட சபைக்கு வர்றதை நிறுத்திடலாம்னு இன்னைக்கு வந்தேன்" என்றார். நானும் அவரும் உள்ளே போய்ப் பின்வரிசையிலேயே உட்கார்ந்தோம். வேதாகமத்தை எடுத்து 88-ஆம் சங்கீதத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன், அவர் சத்தமாக வாசித்தார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டநாள் வாசகர்